ஹியூமிக் ஆசிட், ஈயம், காட்மியம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஹியூமிக் ஆசிட் போட்டா மண்ணுல இருக்கிற ஈயம் போயிடுமா?
எங்க போகும்? ஈயத்த எந்த ஆசிடும் அழிக்காது. ஹியூமிக் ஆசிட்ங்கிறது மக்கின இலை தழையிலேர்ந்து வர்ற கருப்புப் பொருள், அது ஈயத்த பிடிச்சு வைக்கும், அவ்ளோதான். அந்த மூலக்கூறுல கார்பாக்சில், பீனால் குரூப் நிறைய, ஹைட்ரஜன் கழண்டா அதெல்லாம் நெகட்டிவ் சார்ஜோட நிக்கும், ஈயமோ தாமிரமோ பாசிட்டிவா வந்தா ரெண்டு மூணு சேர்ந்து நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விக்கும், காட்மியத்துல அந்தப் பிடி கொஞ்சம் லூசு. மொதல்ல மண்ணோட பிஹெச் பாருங்க, அதாவது அமிலத்தன்மை அளவு, எண் கொறைய கொறைய அமிலம் அதிகம். 5க்குக் கீழ எறங்கினா ஹைட்ரஜன் திரும்ப வந்து உக்காந்துக்கும், கவ்வினது கொஞ்சம் கொஞ்சமா வெளிய வர ஆரம்பிக்கும்.

சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊத்தட்டுமா?
ஐயோ வேணாம். சின்ன மூலக்கூறு, உலோகத்தையும் இழுத்துக்கிட்டு தண்ணியோட கீழ எறங்கிடும். கோதுமை வேர் நுனி அதே மாதிரி சின்ன மாலிக் ஆசிட் விட்டு அலுமினியத்த வெளியவே கட்டிப்போடும், ஆனா அது துளியூண்டு, வேர் பக்கத்துல மட்டும்.

ஆர்சனிக்?
உதவாது. மண்ணுல அது பெரும்பாலும் ஆர்சனேட்டா இருக்கும், அதுவும் நெகட்டிவ். இரும்பு ஆக்சைடுல ஒட்டிக்கிட்டு இருக்கிறத ஹியூமிக் தள்ளிவிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும், சும்மா கெடந்தத கிளப்பி விட்ட கதை.

ஹியூமிக் ஆசிட்னு ஒண்ணே மண்ணுல இல்லனு 2015லயே எழுதிட்டாங்களே சார்?
வந்துட்டீங்களா! மண் விஞ்ஞானிங்க லேமன், கிளேபர் நேச்சர் இதழ்ல எழுதினதுதானே. பிஹெச் 13 காரத்துல ஊறப்போட்டு எடுக்கிறது மண்ணுல அப்படியே இருக்குனு எப்படி சொல்றீங்கனு கேட்டாங்க, நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். ஆனா பேர் தப்புன்னா பிடியும் பொய்யாகிடுமா? மக்கின இலை தழையில கார்பாக்சில் இருக்கு, யாரும் காரம் ஊத்தாமலே அது ஈயத்த பிடிக்குது.

அப்ப பாட்டில்ல விக்கிறது?
இப்ப கேட்டீங்க பாருங்க! பெரும்பாலும் லியோனார்டைட்ட, அதாவது பழுப்பு நிலக்கரி மாதிரி ஒரு பொருள, காரத்துல கரைச்ச பொட்டாசியம் ஹியூமேட், கரைஞ்சே இருக்கிறதால உலோகத்த சுமந்துக்கிட்டு நகரவும் செய்யும். அதான் நான் நல்லா மக்கின கம்போஸ்ட் கட்சி.

ஏக்கருக்கு எவ்ளோ போடணும்?
பிஹெச் ரிப்போர்ட் இல்லாம சொல்லமாட்டேன்.

ஹியூமிக் போட்டா ஈயம் போகுமா?
மொத பதில பாருங்க. ரெண்டாவது தடவ கேக்கறீங்க.

கம்போஸ்ட் போட்டாச்சு, குழந்தை அந்த மண்ணுல விளையாடலாமா?
கூடாதுங்க. மண்ணு கை வழியா வாய்க்குப் போனா வயித்துல பிஹெச் 2 கிட்ட, அங்க பிடி நிக்காது. வெறும் மண்ணு தெரியாம மூடுங்க, கைய கழுவ வைங்க, ஏற்கனவே விளையாடியிருந்தா டாக்டர்ட்ட சொல்லி ரத்தத்துல ஈயம் டெஸ்ட் பண்ணிடுங்க.