கிரேக்கக் கோயில் வைத்தியமும் என் ஆராய்ச்சி வாழ்க்கையும்: உங்க கேள்விகளுக்குப் பதில்

நான் என்ன வேலை பாக்குறேன்னு போன வாரம் ஒரு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. தெரியாதவங்களுக்காக: பண்டைய கிரேக்கத்துல அஸ்க்லேபியஸ்னு ஒரு வைத்தியக் கடவுள். அவர் கோயிலுக்கு நோயாளிங்க போய் ராத்திரி படுத்துத் தூங்குவாங்க, கனவுல சாமி வந்து குணப்படுத்துவார் இல்லன்னா என்ன பண்ணணும்னு சொல்லுவார்னு நம்பிக்கை. அந்தக் கோயில்ல கிடைச்ச கல்வெட்டுகளைப் படிக்கிறதுதான் என் பொழப்பு. கேள்விகளை எனக்குத் தோணின வரிசையில எடுத்துக்கறேன்.

"நான் நர்ஸ். ஆளுங்க பாட்டுக்கு வந்து படுத்துப்பாங்களா, இல்ல ஏதாவது முறை இருந்துச்சா?"

நல்ல கேள்வி அக்கா, உங்க வேலையில இருக்கறவங்கதான் இதைக் கேப்பாங்க. நல்லாவே முறை இருந்துச்சு. ஒரோபோஸ்னு ஒரு ஊர், ஏதென்ஸுக்கு வடக்கே. அங்க ஆம்ஃபியாரஸ்னு, ஜனங்க சாமியா கும்பிட்ட இன்னொரு வைத்திய வீரனோட கோயில், அங்கயும் இதே மாதிரிதான் தூங்குவாங்க. கி.மு. 4ஆம் நூற்றாண்டுல அந்தக் கோயிலுக்குப் போட்ட சட்டம் கல்லுல அப்படியே இருக்கு. குணமாக வர்றவங்க 9 ஓபல் வெள்ளிக்காசு கட்டணும், கோயில் காவலர் பாக்கும்போதே உண்டியல்ல போடணும். காசு போட்ட உடனே அவர் நம்ம பேரையும் ஊரையும் ஒரு பலகையில எழுதி எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கணும். தூங்கற எடத்துல ஆம்பளைங்க பலிபீடத்துக்குக் கிழக்கே, பொம்பளைங்க மேற்கே. பூசாரி மாசத்துக்கு 10 நாளாவது கோயில்ல இருந்தே ஆகணும்னும் போட்டிருக்கு. ஒரு சட்டத்துல இப்படி எழுதறாங்கன்னா அதுக்கு முன்னாடி யாரோ வராம இருந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்? தூரத்துல இருந்து நோயாளியைத் தூக்கிட்டு வந்து பூசாரி இல்லாம காத்துக் கெடந்த குடும்பம் அந்த வரிக்குப் பின்னாடி இருக்கு. ஓபி சீட்டு, டியூட்டி டாக்டர், பெண்கள் வார்டுன்னு நீங்க தெனம் பாக்கறதுதான்.

"மன்னிக்கணும் சார், இதெல்லாம் பூசாரிங்க காசுக்காகக் கட்டிவிட்ட கதைதானே? இதைப் போய் வருஷக்கணக்கா படிக்கணுமா?"

மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி, எல்லாரும் மொதல்ல கேக்கறது இதுதான், நானும் இருபது வயசுல இதைத்தான் கேட்டேன். இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும்.

எபிடாரஸ்னு ஒரு ஊர், தெற்கு கிரேக்கத்துல பெலொபொன்னீஸ்ங்கற தீபகற்பத்துல இருக்கு, பெரிய கல் தியேட்டர் இருக்கே அதே ஊர்தான், அஸ்க்லேபியஸோட பெரிய கோயிலும் அங்கதான். 1881ல கவாடியாஸ்ங்கிற கிரேக்க அறிஞர் அங்க தோண்ட ஆரம்பிச்சார். குணமான கதைகளைப் பொறிச்ச பெரிய பெரிய கல்பலகைங்க ஒடஞ்சு துண்டு துண்டா கிடைச்சுது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுல பவுசானியாஸ்னு ஒருத்தர் ஊர் ஊராப் போய் எழுதி வெச்சிருக்கார், அவர் பாத்தப்பவே 6 பலகைதான் மிச்சம், முன்னாடி இன்னும் நெறைய இருந்துச்சுன்னு சொல்றார். இன்னிக்கு நம்ம கையில இருக்கறது ஏறக்குறைய 70 கதை.

முதல் கதை கிளியோன்னு ஒரு பொண்ணுது. அஞ்சு வருஷம் கர்ப்பமா இருந்தாளாம், கோயில்ல வந்து தூங்கினாளாம், வெளிய வந்ததும் பையன் பொறந்தானாம், பொறந்த பையன் தானாவே ஊத்துல குளிச்சுட்டு அம்மா கூட நடந்து போனானாம். சிரிப்பு வரும். ஆனா அந்தக் கதைக்கு அடியிலயே அவ காணிக்கையா வெச்ச பலகையில இருந்த பாட்டையும் சேத்துப் பொறிச்சிருக்காங்க. அது ஏறக்குறைய இப்படி: "பலகையோட பெருசைப் பாத்து ஆச்சரியப்படாதீங்க, தெய்வத்தைப் பாத்து ஆச்சரியப்படுங்க, கிளியோ அஞ்சு வருஷம் வயித்துல பாரத்தைச் சுமந்தா, இங்க தூங்கினா, அவர் அவளை நல்லாக்கினார்." அவ்ளோதான். பையன் எங்க? குளிச்சது எங்க? நடந்தது எங்க? பாட்டுல ஒண்ணுமே இல்ல! "பாரம்"னு ஒரே ஒரு சொல்லு. அந்தச் சொல்லைச் சுத்தி அப்புறமா யாரோ கதை வளத்திருக்காங்க.

அப்போ தம்பி, பூசாரிங்க கைவெச்சாங்களான்னா, ஆமா, வெச்சாங்க, எந்த எடத்துல வெச்சாங்கன்னு கூட நமக்குத் தெரியுது. ஆனா அதுக்கு அடியில வயித்துல என்னமோ ஒண்ணோட அஞ்சு வருஷம் கஷ்டப்பட்ட ஒரு பொண்ணு இருந்திருக்கா, கைக்காசு போட்டு ஒரு பலகை எழுதி வெச்சிருக்கா. பழங்காலத்துல ராஜா பேசினது, தத்துவவாதி பேசினதுன்னு நெறைய கிடைக்கும், வலியில கெடந்த சாதாரண பொம்பளை பேசினது எங்க கிடைக்கும்? பொய்யா நிஜமான்னு கேட்டுட்டு மூடி வெச்சுட்டா அவ குரலையும் சேத்துத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடும். எனக்கு அது பொறுக்காது, அதனாலதான் வருஷக்கணக்கா படிக்கிறேன்.

"டாக்டருங்க சின்னத்துல இருக்கற பாம்பு இவரோடதா?"

ஆமா, ஒரு தடி, ஒரே ஒரு பாம்பு. உலக சுகாதார அமைப்போட சின்னத்துல பாருங்க, ஒண்ணுதான் இருக்கும். ரெண்டு பாம்பும் ரெக்கையும் இருந்தா அது ஹெர்மிஸோட கோல், அவர் தூதுக்கும் வியாபாரத்துக்கும் கடவுள். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902ல ரெண்டு பாம்பை எடுத்துக்கிச்சு, அந்தக் குழப்பம் இன்னும் தீரல.

"அந்தக் காலத்து வைத்தியர்கள் இதை எதுத்திருப்பாங்களே?"

நாம அப்படித்தான் எதிர்பாப்போம். ஆனா வைத்தியத்தோட தந்தைன்னு சொல்ற ஹிப்பாக்ரடீஸ் பேர்ல இருக்கற உறுதிமொழியே அப்போலோ, அஸ்க்லேபியஸ்ங்கற சாமிங்க பேர்ல சத்தியம் பண்ணித்தான் ஆரம்பிக்குது. அவர் பேர்ல இருக்கற நூல் தொகுப்புலயே வலிப்பு நோயைப் பத்தி ஒரு நூல் இருக்கு, அது மத்த நோயை விட ஒண்ணும் தெய்வீகமானது இல்லன்னு அடிச்சுச் சொல்லும், மந்திரம் போட்டு ஊரை ஏமாத்தறவங்களைத் திட்டும், கோயில்ல தூங்கறவங்களைத் திட்டாது. ஏதென்ஸ்ல ஊர் வைத்தியருங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ அஸ்க்லேபியஸுக்குப் பலி கொடுக்கறது வழக்கம்னு ஒரு கல்வெட்டு சொல்லுது. காலன் (Galen)னு ஒரு கிரேக்க வைத்தியர் தெரியுமில்ல, கி.பி. 129ல, இன்னிக்குத் துருக்கியில இருக்கற பெர்கமோன்ல பொறந்தவர், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஐரோப்பாவும் அரபு உலகமும் அவர் வைத்தியத்தைத்தான் படிச்சுது. அவர் வைத்தியம் படிக்கப் போனதே அவங்க அப்பா கண்ட கனவாலதான், அஸ்க்லேபியஸ் தனக்கு ஒரு சீழ்க்கட்டியைக் குணப்படுத்தினார்னு அவரே எழுதறார். கோயில் ஒரு பக்கம் வைத்தியர் ஒரு பக்கம்னு கோடு போட்டது நாம, அந்த ஜனங்க ரெண்டுக்கும்தான் போனாங்க.

"மதுரையில பி.ஏ. ஹிஸ்டரி முடிக்கப் போறேன். இந்த லைனுக்கு வரணும்னா என்ன பண்ணணும் அண்ணா?"

மொழிம்மா. மொழி, மொழி, மொழி. பழைய கிரேக்கம் கண்டிப்பா, லத்தீன் கண்டிப்பா, அப்புறம் படிக்கிற அளவுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும். ஜெர்மன் எதுக்குன்னு கேப்ப. கிரேக்கக் கல்வெட்டுகளோட பெரிய தொகுப்பு பெர்லின்ல இருந்துதான் வருது, அதுல விளக்கவுரை பெரும்பாலும் லத்தீன்ல இருக்கும், அதைப் பத்தின சண்டையெல்லாம் பாதி ஜெர்மன்ல நடந்திருக்கு. பயப்படாத, நான் கிரேக்க எழுத்தை மொதமொத எழுதினது இருபத்து மூணு வயசுல, எங்க வீட்டுத் திண்ணையில ஒக்காந்து ஒரு பழைய டைரியில. எழுத்து ஒரு வாரத்துல வந்துடும், வினைச்சொல் வடிவங்கதான் ஒரு வருஷம் தூங்க விடாது. பெர்சியஸ்னு ஒரு இணைய நூலகம் இருக்கு, மூல உரையும் அகராதியும் இலவசம். பேக்கார்ட் நிறுவனத்தோட கிரேக்கக் கல்வெட்டுத் தேடல் தளமும் இலவசம்தான். மேல சொன்ன கிளியோ பாட்டை நீயே அங்க போய்ப் பாக்கலாம்.

அப்புறம் கல்லைத் தொட்டுப் பழகணும். படி எடுக்கறதுன்னு சொல்லுவோம். கல்லைக் கழுவி, தடிச்ச வடிதாளை ஈரமா மேல விரிச்சு, முரட்டு பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள எறக்கணும், காய விட்டு உரிச்சா எழுத்து பின்பக்கம் பொடச்சுக்கிட்டு நிக்கும். நான் மொதத் தடவ செஞ்சப்போ காத்துல தாள் பாதி காயறதுக்குள்ள கிழிஞ்சு போச்சு, திரும்ப ஈரம் பண்ணி மொதல்ல இருந்து செஞ்சேன், வெயில் ஏறி முதுகு எரியுது, ரெண்டாந் தடவ உரிச்சு வெளிச்சத்துல சாச்சுப் பிடிச்சப்போ போட்டோவுல வெறும் கீறலாத் தெரிஞ்ச எடத்துல ஒரு முழு எழுத்து இருந்துச்சு. கை நடுங்கிடுச்சு. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கொத்தன் உளி வெச்ச எடம் அது.

"வருமானம் எப்படி? குடும்பம் நடத்த முடியுமா?"

மறைக்க மாட்டேன், கஷ்டம். முனைவர் பட்டத்துக்கு எனக்கு ஏழு வருஷம் ஆச்சு, அப்போ உதவித்தொகை இருந்துச்சு, சமாளிச்சோம். அதுக்கப்புறம் நாலு வருஷம், வருஷா வருஷம் புது ஒப்பந்தம், மூணு ஊர். ஒரு எடத்துல அடுத்த வருஷமும் உண்டுன்னு வாய்வார்த்தையா சொன்னாங்க, நம்பி பொண்ணை அங்கயே ஸ்கூல்ல சேத்தோம், மே மாசம் ரெண்டு வரி மெயில்ல இல்லன்னுட்டாங்க. அன்னிக்கு என் வீட்டுக்காரி மூஞ்சியைப் பாக்க முடியல. இப்போ நிரந்தர வேலை இருக்கு, ஆனா என்னை விட நல்லா கிரேக்கம் படிச்ச ரெண்டு நண்பர்கள் துறையை விட்டே போய்ட்டாங்க. அதனால முழு உதவித்தொகை இல்லாம கடன் வாங்கி இந்தப் படிப்புக்கு யாரும் போகாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன்.

"சமயபுரத்துல கண்மலர் வாங்கிப் போடறோமே, அது மாதிரி அங்கயும் உண்டா? நம்மகிட்ட இருந்து போனதா?"

உண்டு! கொரிந்த்ல அஸ்க்லேபியஸ் கோயிலைத் தோண்டினப்போ சுட்ட மண்ணுல செஞ்ச கை, கால், காது, மார்புன்னு குவியலா கிடைச்சுது, பலது நெஜ அளவுலயே இருக்கும். ஏதென்ஸ் கோயில்ல வந்த காணிக்கையை எடை போட்டுப் பட்டியல் எழுதி வெச்சிருக்காங்க, அதுல உடம்பு உறுப்புகள்ல அதிகமா வர்றது கண்ணுதான். எங்க ஊரு திருச்சி பக்கம், சின்ன வயசுல எனக்குக் கண்ணுல கட்டி வந்தப்போ எங்க அம்மா தகடு கண்மலர் வாங்கிப் போட்டது ஞாபகம் இருக்கு, அந்தப் பட்டியலை மொதமொத படிச்சப்போ அம்மா கைதான் மனசுல வந்துச்சு. ஆனா இங்கிருந்து அங்க போச்சு, அங்கிருந்து இங்க வந்துச்சுன்னு சொல்ல ஒரு சான்றும் கிடையாது. தயவுசெஞ்சு அப்படி பரப்பாதீங்க.

"நீங்க சாமி கும்பிடுவீங்களா?"

கும்பிடுவேன். ஆராய்ச்சியில அதை உள்ள கொண்டு வர்றதில்ல.

"குணமானவங்க கதை மட்டும்தானே கல்லுல இருக்கு? குணமாகாதவங்க?"

இந்தக் கேள்வி கேட்டவங்களுக்கு என் நன்றி, நேத்து ராத்திரி பூரா இதையே நினைச்சுட்டு இருந்தேன். அவங்களுக்குக் கல்லு இல்ல. ஆனா ஒரே ஒரு எடத்துல அவங்க தெரியறாங்க. எபிடாரஸ் கோயில் எல்லைக்குள்ள பொறப்பும் கூடாது, சாவும் கூடாதுன்னு விதி, தீட்டு. அப்போ ரொம்ப முடியாம வந்தவங்களை, பிரசவ வலி எடுத்த பொண்ணுங்களை என்ன பண்ணுவாங்க? வெளிய கொண்டு போயிடுவாங்க. வெளிய கூரை கிடையாது. பொம்பளைங்க வெட்டவெளியில பெத்தாங்க, நோயாளிங்க வானத்தைப் பாத்துக்கிட்டே செத்தாங்கன்னு பவுசானியாஸ் எழுதறார், அக்கம்பக்கத்து ஜனங்களுக்கே அது பொறுக்கல. கி.பி. 2ஆம் நூற்றாண்டுல அன்டொனினஸ்னு ஒரு ரோமானிய செனட்டர் வந்து, சாகறவங்களுக்கும் பிள்ளை பெக்கறவங்களுக்கும்னே ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார். கல்பலகைங்க பொறிச்சதுக்கும் அந்தக் கூரை வந்ததுக்கும் நடுவுல ஏறக்குறைய ஐநூறு வருஷம். நான் இப்போ எழுதிட்டு இருக்கற புத்தகத்துல கடைசி அத்தியாயம் அந்தக் கட்டடத்தைப் பத்திதான், இன்னும் முடியல.