ஆஃப் டைம்ல ஆக்சிஜன் கேன்

கேள்வி: அண்ணாச்சி, நான் தூத்தூர் பக்கம் ஃபுட்பால் ஆடுகவன். எங்க டீம்ல ஒருத்தன் ஆன்லைன்ல ஆக்சிஜன் கேன் வாங்கிட்டு வந்து, ஆஃப் டைம்ல எல்லாரும் மாத்தி மாத்தி மூக்குல அடிக்கானுவ, களைப்பு உடனே போவுமாம். எனக்க தங்கச்சி நீட்டுக்கு படிக்கா, மூளை ஷார்ப் ஆவும்னா எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கா. உண்மை உண்டா?

பதில்: மக்கா, அந்த கேன்ல எத்தன லிட்டர்னு போட்டிருக்கும் பாரு, அஞ்சோ பத்தோ இருக்கும். இழுத்துப் பிடிச்சு ஓடிட்டு வந்து நிக்கவன் ஒரு நிமிஷத்துல 100 லிட்டர் காத்து வாங்குவான். மீதி கணக்கு நீயே போடு.

சரி, பெரிய சிலிண்டரே வச்சாலும் என்ன ஆவும்? சும்மா காத்துலயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, அதுலயே உனக்க ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்க ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைஞ்சிடும். சாயங்கால மார்த்தாண்டம் பஸ் மாதிரி ஆக்கும், சீட்டு நிறைஞ்ச பொறவு ஸ்டாண்டுல எத்தன பேரு வந்து நின்னா என்ன, ஃபுட்போர்டுல ரெண்டு பேரு தொங்கலாம், அவ்வளவுதான். 100 மில்லி ரத்தம் 20 மில்லி ஆக்சிஜன் சுமக்குதுன்னா, சுத்த ஆக்சிஜன் குடுத்தா ரெண்டு மில்லி கூடும், மூக்குல இருந்து எடுத்த கொஞ்ச நேரத்துல அதுவும் போயிடும்.

ஆனா ஓடிக்கிட்டே இழுத்தா கதை வேற. 4 நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓடின ரோஜர் பானிஸ்டர் ஒரு டாக்டர், 1954-ல அவரே ஆக்சிஜன் கூட்டின காத்தை குடுத்து டிரெட்மில்லுல ஓட விட்டுப் பாத்தாரு, ஆளுங்க கூடுதல் நேரம் தாக்குப்பிடிச்சாங்க. அந்த ரெண்டு மில்லி அங்க உதவுது, வேகமா ஓடும்போது தசையில உண்டாவுத லாக்டேட்டும் ரத்தத்துல குறைவாத்தான் ஏறும். அதுக்காக மாஸ்க் மாட்டிக்கிட்டு கோல் அடிக்க முடியுமா? உக்காந்திருக்கும்போது இழுக்கது வேஸ்ட், மெதுவா ரெண்டு ரவுண்டு நட, லாக்டேட் சீக்கிரம் இறங்கும்.

தங்கச்சி விஷயம். மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போவுது. அதனால நிறைய குடுத்தா நல்லதுன்னு தோணும், ஆனா சுத்த ஆக்சிஜன் போனா மூளையோட ரத்தக்குழாய் சுருங்கிக்கும், 1948-லயே அளந்து பாத்தப்ப ரத்த ஓட்டம் 13 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. போதும்னு மூளையே பைப்பை அடைக்குது கேட்டியா. வார்த்தைகளை ஞாபகம் வைக்கதுல கொஞ்சம் கூடினதா சில ஆய்வு உண்டு, அதுக்காக பரீட்சை ஹாலுக்கு கேன் கொண்டு போவ விடமாட்டான்.

வீட்டுல பீடி குடிச்சு நுரையீரல் கெட்ட தாத்தா இருந்தா அவருக்கு இத அடிச்சு விடாதீங்க, அந்த மாதிரி ஆளுக்கு ஆக்சிஜன் குடுத்தா, ஹீமோகுளோபின் நிறையுத அளவை டாக்டருங்களே 88-ல இருந்து 92 சதவீதத்துக்குள்ளதான் நிறுத்துவாங்க, கூடினா கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துல தேங்கி மயக்கத்துல கொண்டு விட்டுடும்.

தங்கச்சி படிக்கையில தூங்கி விழுதான்னா கேன் காசுல ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கச் சொல்லு. 12-க்கு கீழ இருந்தா அங்க பஸ்ஸே கம்மி, டாக்டரைப் பாக்கணும். அயர்ன் மாத்திரை குடுத்தா டீயோட சேத்து முழுங்க வேண்டாம், டீ அதை உடம்புல ஏற விடாது.