கல்வேலிக்குச் சிமெந்து வேண்டாம்

கேள்வி: நெடுந்தீவில் சரிந்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளை எங்கள் குழு சிரமதானமாகத் திருத்துகிறது. சிமெந்து பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். சாந்தில்லாமல் அடுக்கிய வேலி அது. காற்று இடுக்குகளில் புகுந்து போகும். சிமெந்து உப்பீரத்தை உள்ளே அடைக்கும். உப்பு படிகமாகிக் கல்லை உதிர்க்கும்.

பிரிக்குமுன் படமெடுங்கள் (பலர் மறப்பது இதுதான்). சரிந்த பகுதியை அடிவரை பிரித்து, கற்களை அளவுவாரியாகப் பரப்புங்கள். பெருங்கல் அடியில். இரு கல் சேரும் இடுக்கின்மேல் அடுத்த கல் அமரவேண்டும்; இடுக்கு நேராக மேலேறினால் அங்கேயே மறுபடி பிளக்கும். நீளக் கற்களைக் குறுக்கே வைத்து இரு முகங்களையும் பிணையுங்கள். நடுவில் சிறுகல்லைக் கொட்டாமல் கையால் இறுக்குங்கள். மேலே போகப்போக வேலி ஒடுங்கட்டும்.

கல் போதாவிட்டால் கடலில் பெயர்க்காதீர்கள், சட்டப்படி குற்றம். தீவிலுள்ள பழைய கோட்டையின் சுவரில் தொல்லியல் திணைக்கள அனுமதியின்றிக் கை வைக்கவேண்டாம்.