சிங்க் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதம் சொல்லிவைத்ததுபோல் நான்கு பேரும் புக்மார்க்கை, அதாவது பிரவுசரில் சேமித்துவைக்கும் இணையப் பக்க முகவரிகளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

வீட்டு மடிக்கணினியில் ‘நான்காம் ஆண்டு அறிவியல்’ ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டேன். மறுநாள் பள்ளிக் கணினியிலும் காணோம். ஆறு வருடச் சேமிப்பு, சார். திரும்பக் கிடைக்குமா? – தமிழ்ப்பள்ளி ஆசிரியை

டீச்சர், படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. சிங்க் என்பது ஒரே கணக்கில் உள்ள எல்லாக் கணினிகளிலும் பட்டியலை ஒன்றுபோல் வைக்கும் வசதி, கண்ணாடி மாதிரி. இங்கே சேர்த்தால் அங்கேயும் சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பலர் அதையே பேக்கப், அதாவது தனியாக எடுத்துவைத்த பிரதி என்று நம்பி ஏமாறுகிறார்கள்.

நீங்கள் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்தினால் நல்ல செய்தி. அது தானாகவே தேதி போட்டுப் பழைய பிரதிகளை, வழக்கமாகப் பதினைந்து வரை, கணினியிலேயே வைத்திருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பக்கத்தில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’, அதற்குள் ‘ரிஸ்டோர்’. அழிப்பதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இப்போதுள்ள பட்டியலை எடுத்துவிட்டுத்தான் பழையதை வைக்கும். அதனால் முதலில் இன்றைய பட்டியலை எச்.டி.எம்.எல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

குரோமில் இப்படித் தேதிவாரிப் பிரதிகள் கிடையாது. அழித்த அந்த நிமிடமே புக்மார்க் பக்கத்தில் கன்ட்ரோல், இசட் அழுத்தினால் திரும்பிவிடும். பிரவுசரை மூடிவிட்டால் அதுவும் போச்சு. அப்புறம் முயன்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: அதே கணக்கில் இருக்கும் வேறொரு கணினி, அழித்த பிறகு இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பிறகு குரோமைத் திறந்தால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். உடனே எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு கல்லூரி மாணவியின் பட்டியலை இப்படித்தான் மீட்டோம். அவருடைய பழைய மடிக்கணினி அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்தது.

தோட்ட ஆபீஸில் புதுக் கணினி வருகிறது. பழையதில் செம்பனை வாரியத்தின் தினசரி விலைப் பக்கம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) என்று எண்பது புக்மார்க் இருக்கின்றன. ஆபீஸ் கணினியில் என் சொந்தக் கணக்கைப் போடப் பிடிக்கவில்லை. – தோட்டக் கிராணி (எழுத்தர்)

போடாதீர்கள், ஐயா. நீங்கள் நினைப்பது சரி. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி, மேலே உள்ள மூன்று புள்ளியில் ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’ கொடுங்கள். வரும் கோப்பைப் புதுக் கணினியில் இம்போர்ட் செய்தால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்று இருக்கும். தொண்ணூறுகளில் வந்த பிரவுசரின் பெயர் அது. அந்த பிரவுசரே இப்போது இல்லை, ஆனால் அதன் கோப்பு வடிவத்தை குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாம் இன்றும் படிக்கின்றன. எக்ஸ்மார்க்ஸ் என்ற புக்மார்க் சிங்க் சேவை 2018 மே 1-ஆம் தேதி மூடப்பட்டது. சேவை மூடப்படலாம், கோப்பு நம் கையிலேயே இருக்கும். அதனால்தான் இந்தச் சாதாரணக் கோப்பின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

ஒரு முறைக்கு மேல் இம்போர்ட் செய்யாதீர்கள். எண்பது நூற்று அறுபதாகிவிடும்.

கணினியில் குரோம், கைப்பேசியில் ஃபயர்பாக்ஸ். சிங்க் ஆகுமா, அண்ணா?

நேரடியாக ஆகாது, தம்பி. இரண்டிலும் ஒரே பிரவுசரை வைத்துக்கொள்வதே சுலபம்.

நூலகக் கணினியில் என் கணக்கைத் திறந்து, மூடாமலே வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. – எஸ்.பி.எம் தேர்வு எழுதும் மாணவி

உங்கள் கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள், தங்கச்சி. ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் அந்தக் கணினியைத் தேடி ‘சைன் அவுட்’ கொடுங்கள். கடவுச்சொல்லையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே அங்கே இறங்கிய புக்மார்க்குகள் அந்தக் கணினியிலேயே தங்கியிருக்கலாம். அடுத்த முறை போகும்போது நூலகரிடம் சொல்லி, உங்கள் பெயரில் இருக்கும் புரொஃபைலை அழித்துவிட்டு வாருங்கள்.