புவி வெப்பமாதலில் நம் பங்கு எவ்வளவு? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புவி வெப்பமாவதில் மனிதரின் பங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஏறத்தாழ முழுவதும் நம்முடையதே. 1850–1900 காலச் சராசரியைவிட 2010–2019 பத்தாண்டில் புவிப்பரப்பு 1.06 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தது. மனிதச் செயல்களால் விளைந்தது 1.07 பாகை (0.8 முதல் 1.3 வரை) என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் மதிப்பிட்டது. சூரியனும் எரிமலைகளும் சேர்ந்து கூட்டியதோ குறைத்ததோ 0.1 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகத் துகள்கள் வெயிலை ஓரளவு தடுத்துக் குளிர்விக்கின்றன என்பதையும் கணக்கில் கொண்டால், நாம் வெளியிட்ட வாயுக்களின் சூடு இதைவிட அதிகம்.

கேள்வி: ஆலைகள் இல்லாத காலத்திலும் பனியுகங்கள் வந்து போயினவே?

உண்மைதான். அவை பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் நேர்ந்தவை. இன்றைய மாற்றமோ ஒன்றரை நூற்றாண்டுக்குள் நடந்திருக்கிறது.

கேள்வி: காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு நம்மால் வந்ததுதான் என்பதற்கு என்ன சான்று? எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாம் அல்லவா?

இந்த விவாதத்தின் உயிர்நாடியான கேள்வி இதுவே என்று கருதுகிறேன். அண்டார்க்டிகாவில் தோண்டியெடுத்த பனிக்கட்டியில் கடுகளவுக் காற்றுக்குமிழிகள் சிறைப்பட்டிருக்கின்றன. காற்றில்லாத கலனில் வைத்து அதை நொறுக்கினால் பனி உறைந்த காலத்துக் காற்றே வெளிவருகிறது. அவ்வாறு அளந்ததில், 8 லட்சம் ஆண்டுகளாகக் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315 பங்காக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த வாயுவிலுள்ள கரியே காட்டிக்கொடுக்கிறது. கீழடியில் கிடைத்த கரித்துண்டின் வயதைச் சொன்ன கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி, உயிர் போன பிறகு சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது துளியும் மிஞ்சியிருக்காது. ஆகவே அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போகிறது. இதை ஹான்ஸ் சூயஸ் 1950களிலேயே மரவளையங்களில் கண்டார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் தாவரங்கள் கார்பன்-13 என்னும் சற்றே கனமான கரியைக் குறைவாகவே ஏற்கும், அவற்றின் வழிவந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அந்தக் குறை தொடரும், எரிமலை வாயுவில் அது இருக்காது. காற்றில் கார்பன்-13இன் விகிதமும் குறைந்துகொண்டே வருவதால், வந்தது தாவர வழிக் கரி என்பது தெளிவாகிறது. தவிர, எரிமலைகள் ஓராண்டில் உமிழ்வது நாம் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடலோ நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கை உறிஞ்சி, தானே அமிலமாகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சூரியனே காரணமாக இருக்கக் கூடாதா?

சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் அடிமுதல் மேல்வரை சூடேற வேண்டும். நிகழ்வதோ வேறு: கீழடுக்கு சூடேற, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இவ்வாறே ஆகும் என்று காலநிலை அறிஞர் சியுகுரோ மனாபே, சக ஆய்வாளர் வெதரால்டுடன் சேர்ந்து 1967இலேயே கணித்துக் காட்டினார். அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் சூரிய ஒளியிலும் ஏறுமுகம் இல்லை.

கேள்வி: அப்படியானால் அறிஞர்களுக்குள் விவாதமே இல்லையா?

இருக்கிறது. கரியமில வாயு இருமடங்கானால் இறுதியில் எத்தனை பாகை சூடேறும் என்பதற்கு ஐபிசிசி தரும் விடை 2.5 முதல் 4 வரை. மேகங்கள் எவ்வாறு மாறும் என்பதே அங்கே பெரிய சிக்கல். காரணம் யார் என்பதில் அல்ல, அளவில்தான் விவாதம்.

கேள்வி: 'மனிதர்' என்று பொதுவாகச் சொல்லி, ஒரு மின்விசிறியோடு வாழும் குடும்பத்தையும் குற்றவாளியாக்குவது நியாயமா?

நியாயமில்லை, இந்த ஆதங்கத்தில் எனக்கும் பங்குண்டு. எரிபொருளால் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியிட, ஓர் இந்தியர் வெளியிடுவது சுமார் 2 டன். அந்த இரண்டு டன்னும் சராசரிதான். குளிரூட்டிய மாளிகையும் நீங்கள் சொல்லும் வீடும் அதற்குள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன. வெளியிட்ட வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்குவதால் பழைய கணக்கும் சேரும். தொழிற்புரட்சி முதல் எரிபொருளால் வந்த மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. 1992இல் ஏற்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் ஒரே அளவானது அல்ல என்று எழுதிவைத்ததும் இதனால்தான்.