வட்டியில்லாத முன்பணம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் பாம்பன். எம்.ஏ. பொருளியலில் 58 சதவீதம். நாட்டுப்படகுக்காரர்கள் மீன் வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. விசாரித்த இடத்தில், ‘ராமநாதபுரம் மாவட்ட மீனவர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்று தலைப்பு வைத்து 300 பேரிடம் வினாநிரல் நிரப்பினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா? நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு கட்டாயமா?

அ.

அன்புள்ள அ.,

அந்தத் தலைப்பை எடுக்காதீர்கள். அதில் கேள்வியே இல்லை. வயது, படிப்பு, வீடு, வருமானம் என்று சதவீத அட்டவணைகள் போட்டு, கை-ஸ்கொயர் என்ற ஒரு புள்ளியியல் சோதனையும் சேர்த்தால் பட்டம் கிடைக்கலாம். ஆனால் பாம்பன்காரருக்குத் தெரியாத எதையும் அது சொல்லாது. நல்ல கேள்வி உங்கள் ஆசையிலேயே இருக்கிறது: வட்டியில்லை என்று கொடுக்கும் முன்பணத்துக்கு உண்மையில் எவ்வளவு வட்டி?

அந்த வட்டி மீன் விலைக்குள் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. முன்பணம் 50,000 ரூபாய். பட்ட மீனையெல்லாம் அந்த வியாபாரிக்கே போட வேண்டும், அவர் கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்து எடுக்கிறார். நாளுக்கு 20 கிலோ, மாதம் 12 நாள் கடல் என்றால் மாதம் 3,600. காற்று மழைக்கு இரண்டு மாதம் கழித்தால் ஆண்டுக்கு 36,000. அதாவது 72 சதவீதம், அசல் அப்படியே நிற்கிறது.

இதை அளக்க 300 பேரை ஒருமுறை கேட்டுப் பயனில்லை. போன மாத விலை யாருக்கும் சரியாக நினைவிருக்காது. 30 படகுகளை ஓராண்டு தொடருங்கள். கடன்பட்டவை பாதி, படாதவை பாதி. கரையில் நின்று இனம், அளவு, எடை, விலை, வாங்கியவர், கமிஷன் என்று அன்றன்றே எழுதுங்கள். நண்டு என்றால் பெரியது சிறியது தனித்தனியாக. கலந்துவிட்டால் விலை வித்தியாசம் அளவால் வந்ததா கடனால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

பெரிய சிக்கல் வேறு. கடன் வாங்குகிறவரிடம் பழைய இன்ஜின் இருக்கலாம்; தாமதமாகக் கரை சேர்ந்து மீனின் தரம் இறங்கியிருக்கலாம். அந்தக் குறைவையும் கடன்மேல் போட்டால் ஆய்வு தப்பு. ஒரே படகு கடன் வாங்கும் முன்பும் பின்பும், அடைத்த பிறகும் பெற்ற விலையை ஒப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் நிற்கும் 61 நாள் உங்களுக்குப் பொக்கிஷம். வரத்து குறைந்து விலை ஏறும். அந்த ஏற்றத்தில் கடன்பட்ட நாட்டுப்படகுக்கு எவ்வளவு வந்தது என்று பாருங்கள்.

வியாபாரி பக்கமும் நியாயமாக எழுத வேண்டும். மீன் குவியும் நாளிலும் எடுத்துக்கொள்கிறார், மீன்பாடு இல்லாத மாதத்தில் செலவுக்குத் தருகிறார். அந்த உதவிக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கழிக்காத 72 சதவீதம் அரைகுறைக் கணக்கு.

விதிகளுக்கு வருகிறேன். யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் போதும், உங்களுக்கு இருக்கிறது. அதே விதி பல்கலைக்கழகம் தானே நுழைவுத்தேர்வு நடத்தவும் இடம் தருகிறது. தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. காரைக்குடி அழகப்பா, மதுரை காமராசர் இரண்டின் அறிவிப்புகளையும் பாருங்கள். ஆனாலும் நெட் எழுதுங்கள், அதன்வழி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். ஓராண்டு கரையில் நிற்கும் ஆய்வுக்கு அந்தப் பணம் வேண்டும். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு உண்டு. வழிகாட்டியாக ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம்; இடம் காலியா என்று முதலிலேயே கேளுங்கள். ஒரே படகின் பல நாள் தரவைக் கையாளும் பொருளாதார அளவையியல் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) வழிகாட்டிக்குத் தெரியுமா என்பதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அதற்கு முன் ஒரு நோட்டோடு ஒரு மாதம் கரைக்குப் போங்கள். ஐந்து படகின் நண்டு விலையை மட்டும் தினமும் எழுதுங்கள். கடன்பட்டவர் விலைக்கும் மற்றவர் விலைக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால், கமிஷனிலும் எடையிலும் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் விண்ணப்பம் போடும் முன்பே கேள்வியை மாற்றிவிடுங்கள்.