பழைய ஹயஸ் வானுக்கு வீட்டில் வைத்துக் கையாலேயே பெயின்ற் அடிக்கலாமா?

கேட்டவர் முல்லைத்தீவுப் பக்கம். 'டொல்பின்' என்று ஆட்கள் சொல்கிற பழைய ரொயோட்டா ஹயஸ் ஒன்றை வாங்கிப் பின் சீற்றுகளைக் கழற்றி, கட்டிலும் சின்ன காஸ் அடுப்பும் வைத்து, குடும்பத்தோடு போய்ப் படுத்தெழும்புகிற வானாக ஆக்கியிருக்கிறார். உள் வேலை முடிந்துவிட்டது. வெளியில் பெயின்ற் உரிந்து, பீலியிலும் (கூரையோரத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்) கதவடியிலும் துரு. ஸ்பிறே அடிக்கக் கராஜில் கேட்ட காசு கட்டுபடியாகவில்லை. பிறஷால் அடித்தால் அசிங்கமாக இருக்குமா, எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

அடிக்கலாம். கிளிநொச்சியில் எங்கள் வளவில் நிற்கிற வானும் கையால் அடித்ததுதான். பிறஷா ஸ்பிறேயா என்று ஆட்கள் மண்டையை உடைக்கிறார்கள். என்னைக் கேட்டால் தகரத்தை எப்படித் தயார் பண்ணுகிறீர்கள், எந்த மாதத்தில் அடிக்கிறீர்கள், இந்த இரண்டிலும்தான் வேலை கிடக்கிறது. அதிலும் வன்னியில் மாதம் பிழைத்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

ஐப்பசி தொடங்கித் தை நடுப்பகுதி வரை தொடவே வேண்டாம், மழை. அதற்குப் பிறகு வானம் வெளுத்துவிட்டது என்று சந்தோசப்பட்டு ரின்னைத் திறக்கிறவர்கள்தான் கூட. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மா சொல்லவில்லை. எனாமல் பெயின்ற் தண்ணீர் காய்வது போலக் காய்வதில்லை. முதலில் டர்பன்டைன் ஆவியாகிப் போகும், பிறகு மிச்சம் காற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகும். பின்னேரம் அடித்தது இரவு பனி இறங்கும்போது இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் மினுக்கம் செத்துக் கிடக்கும், தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். போதாததற்கு மாசி என்றால் காலபோக அறுவடை. பக்கத்து வயலில் வெட்டு மெசின் இறங்கினால் பதரும் தூசியும் உங்கள் வான் மேல்தான். வைகாசியில் காற்றுத் தொடங்கிவிடும். கிரவல் றோட்டுக் கரையில் வீடு என்றால் ஆவணி வரைக்கும் செம்புழுதி. ஆக மிஞ்சுவது பங்குனியும் சித்திரை முற்பகுதியும். சித்திரையில் பின்னேரத்து இடிமழை ஒன்று திடீரென்று வரும். அதனால் அடிக்கிறதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்: தகரத்தில் ஈரம் இல்லை என்று கையால் தடவிப் பார்த்துத் தொடங்கி, வெயில் ஏற முதல் பிறஷைக் கழுவி வைத்துவிடுங்கள். பதினொரு மணி வெயிலில் சூடேறிய தகரத்தில் பெயின்ற் வைத்த இடத்திலேயே இறுகும், பிறஷ் கோடு அப்படியே நிற்கும்.

இடம் என்றால், மாமரத்து நிழல் ஆசையாகத்தான் இருக்கும். பங்குனியில் மாமரத்திலிருந்து பூ, பிசின், எறும்பு, காகத்தின் எச்சம் எல்லாம் விழும். தகரக் கொட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாலு கம்பு நட்டுத் தறப்பாள் கட்டுங்கள், காற்று வருகிற பக்கத்துக்குக் கிடுகு வைத்து அடையுங்கள். பெயின்ற் திறக்க முதல் சுற்றிவர நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதி அடங்கும்.

இனித் தகரம். நம்பர் பிளேற், லைற்றுகள், கதவுப் பிடிகள், வைப்பர், பக்கம் பார்க்கிற கண்ணாடிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மாஸ்கிங் ரேப் ஒட்டி ஒப்பேற்றினால் அந்த விளிம்பிலிருந்துதான் முதலில் உரியும். யன்னல் கண்ணாடிகளின் றப்பரைக் கழற்றத் தேவையில்லை. உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிற்றை றப்பர் விளிம்புக்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டால் றப்பர் தகரத்தை விட்டுச் சற்று எழும்பி நிற்கும். பெயின்ற் அடியில் போய்ச் சேரும். கயிற்றை எடுத்தால் ஒரு வெட்டுக்கோடும் தெரியாது. கண்ணாடிக்கு உதயனோ வலம்புரியோ பழைய பத்திரிகை ஒட்டும்போது இரண்டு தாளாக ஒட்டுங்கள், ஒற்றைத் தாளில் பெயின்ற் ஊறிவிடும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் காரே ஓட்டிக் காலம் தள்ளிய சனம் நாங்கள், எந்த அழுக்குக்கும் கை அந்தக் கானுக்குத்தான் போகும். அது எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுப் போகும், அதற்கு மேல் பெயின்ற் பிடிக்காது. முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு தின்னர் தொட்ட துணி ஒன்று, உடனே காய்ந்த துணி ஒன்று. முன்பு பொலிஷ் போட்ட வான் என்றால் இதை இரண்டு தரம் செய்யுங்கள். பொலிஷில் உள்ள சிலிக்கன் மிஞ்சினால் புதுப் பெயின்ற் அந்த இடத்தில் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற அரத்தாள்) போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால் அந்த உப்புத் தகரத்திலேயே தங்கும். அதன் மேல் பெயின்ற் அடித்தால் மாரி வந்ததும் உப்பு ஈரத்தை இழுத்துச் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். ஆட்கள் பெயின்ற் கொம்பனியைத் திட்டுவார்கள். கடைசிக் கழுவலுக்கு மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கழுவிய உடனே துணியால் ஒற்றி எடுங்கள். முல்லைத்தீவில் கடற்கரைக்குக் கிட்ட வீடு என்றால், பிரைமர் (பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்த நாளுக்கும் பெயின்ற் அடிக்கிற நாளுக்கும் இடையில் உப்புக் காற்று படிந்திருக்கும். அடிக்க முதல் ஈரத் துணியால் ஒருக்கால் துடைத்துக் காய விடுங்கள்.

பழைய பெயின்றை முழுக்கச் சுரண்ட வேண்டாம். பிடித்துக்கொண்டு இருப்பதை விட்டுவிடுங்கள், அது நல்ல அடித்தளம். உரிகிற இடங்களில் 180 பேப்பர், விளிம்பு கையில் தட்டுப்படாத அளவுக்கு. பிறகு முழு வானுக்கும் 320 அல்லது 400, தண்ணீர் தொட்டுத்தான். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்து தேய்த்தால் அந்தத் தூளைச் சுவாசிப்பது நீங்களும் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைகளும்தான்.

துரு என்றால் பீலி, சில்லு வளைவு, ஸ்லைடிங் கதவின் அடி, முன் கண்ணாடி றப்பரின் கீழ் மூலை. இந்த வான்களில் வேறு எங்கும் தேடத் தேவையில்லை. வெள்ளைத் தகரம் தெரிய எடுங்கள். குழிக்குள் எடுபடாமல் நிற்கிற துருவுக்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள துரு மருந்து பூசுங்கள், அது துருவை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றிவிடும். நேரம் விட்டுத் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ரெட் ஒக்சைட் பிரைமர் அடித்தாயிற்று, இனி மழைக்கு விடலாம் என்று நினைக்காதீர்கள். பிரைமர் தண்ணீரை உறிஞ்சும், மேலே பெயின்ற் ஏறினால்தான் அது காவல்.

எங்களூர் வான்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சங்கதி. என் வானின் இடப்பக்கக் கதவில் பெரிய பட்டி (குழி நிரப்பப் பூசுகிற பசை) ஒன்று வெடித்திருந்தது. உளியால் தட்டிக் கிளறினால் உள்ளங்கை அகலத்துக்குள் மூன்று ஓட்டைகள், விளிம்பெல்லாம் உட்பக்கம் மடிந்து. சண்டைக் காலத்தில் செல் வெடித்துச் சிதறிய துண்டு, செல்பீஸ், போன ஓட்டை. முன்பு வைத்திருந்தவர் யாரோ சாக்கைத் திணித்துப் பட்டி போட்டு மூடியிருக்கிறார், சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. இப்படி ஓட்டை கண்டால் பட்டியால் மட்டும் அடைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், உட்பக்கத்திலிருந்து துரு தின்றுகொண்டே வரும். மடிந்த விளிம்பை வெட்டி, தகரத் துண்டு வைத்து வெல்டிங்கில் ஒட்டுவித்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, பட்டி மேலே மெல்லியதாகத்தான். ஒட்டுக்கார அண்ணையிடம் வானைக் கொண்டுபோகும்போது பற்றறி வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

எந்தப் பெயின்ற்? கையால் அடிக்கச் சாதாரணச் சிந்தெற்றிக் எனாமல்தான் என் தெரிவு. கராஜில் அடிக்கிற என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ற் பிறஷுக்கு ஆகாது, கை திரும்ப முதல் காய்ந்துவிடும். இரண்டு ரின் கலந்து அடிக்கிற டூ-கே பெயின்ற் இதைவிட உறுதி, ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் சுவாசப்பைக்குக் கூடாது, ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். வீட்டில் வேண்டாம். இன்னொன்று: எனாமல் அடித்த வானுக்குப் பிறகு மனம் மாறி என்.சி. அடிக்கப் போனால் அந்தத் தின்னர் கீழே உள்ள எனாமலைச் சுருக்கி எழுப்பிவிடும். எனாமலுக்கு மேல் எனாமல் என்று முடிவெடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இந்த வானுக்கு ஒரு கோட்டுக்கு, அதாவது முழுக்க ஒரு தரம் பூச, ஏறக்குறைய 2 லீற்றர் போகும். மூன்று கோட் என்று பார்த்தால் 4 லீற்றர் ரின் ஒன்றும் மேலதிகமாக இரண்டு ஒரு லீற்றர் ரின்னும். ரின்னைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தடியால் அடிவரை கிளறி, பழைய நைலோன் ஸ்டொக்கிங்ஸில் வடியுங்கள். டர்பன்டைன் பத்துக்கு ஒன்று போதும்.

அடிக்கிற முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாலு அங்குல ஸ்பொஞ்ச் றோலரால் இரண்டடி அகலத்துக்கு மெல்லியதாகப் பூசிக்கொண்டு போக, மற்றவர் நல்ல மென்மையான பிறஷின் நுனியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல், ஒரே ஒரு தரம் இழுத்துவிட வேண்டும். றோலர் விட்ட குமிழி உடைந்துவிடும். பெயின்ற் தானாகச் சமப்பட்டுக்கொள்ளும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஐயா ஒருவர் நான் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, கனக்க இழுக்காதை. வைச்சிட்டுக் கையை எடு, அது தானாப் படுக்கும்" என்றார். இந்த வேலையில் கற்க வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். விட்ட இடம் ஒன்று கண்ணில் பட்டால் திரும்பிப் போய்த் தொடக் கை துருதுருக்கும். தொடாதீர்கள், அடுத்த கோட்டில் மூடுபடும். கதவென்றால் கதவு முழுக்க, பக்கமென்றால் பக்கம் முழுக்க ஒரே மூச்சில். நடுவில் தேத்தண்ணி குடிக்கப் போனால் திரும்பி வந்து தொடுகிற இடத்தில் கோடு விழும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு முழு நாள் விட்டு 600 பேப்பரால் தண்ணீர் தொட்டு மேலோட்டமாகத் தேய்த்துத் துடையுங்கள். தடிப்பாக இரண்டு கோட்டில் முடிக்கப் பார்த்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நின்று சுருங்கும். பெயின்ற் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாமல் வேலியில் விரித்துப் போடுங்கள். எனாமல் ஊறிய துணிக்குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

நிறத்தைப் பற்றி. கூரை வெள்ளை, இதில் பேச்சே இல்லை. நீங்கள் உள்ளே படுக்கப் போகிற வான், வன்னி வெயிலில் கடும் நிறக் கூரையின் கீழ் பகலில் ஒரு மனிதன் இருக்கேலாது. கூரையிலேயே முதலில் தொடங்குங்கள். யாரும் பார்க்காத இடம், கை பழகும். உடம்புக்கு என்ன நிறம் என்றாலும் உங்கள் விருப்பம், கடும் பச்சையைத் தவிர. ஆமிப் பச்சையில் ஒரு வான் ஒழுங்கையில் திரும்பினால் எங்களூரில் இன்றைக்கும் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், அந்த ஈடாட்டம் எதற்கு. நிறத்தை மாற்றுவதாக இருந்தால் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதியிருக்கும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்துவிக்க வேண்டும். அலைச்சல் வேண்டாம் என்றால் பழைய நிறத்துக்குக் கிட்டிய நிறத்தையே எடுங்கள். சேசிஸ் நம்பர் உள்ள இடத்தில் பேப்பரும் போடாதீர்கள், பெயின்றும் அடிக்காதீர்கள்.

அசிங்கமாக இருக்குமா என்றீர்கள். மூக்கை வைத்துப் பார்த்தால் தோடம்பழத் தோல் போலத் தெரியும். நாலு முழம் தள்ளி நின்றால் தெரியாது. அதுவும் பொறுக்கவில்லையென்றால் ஒரு மாதம் நன்றாக இறுக விட்டு, 1500, 2000 பேப்பர் போட்டுக் கட்டிங் பொலிஷ் பிடிக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, தேவையென்றும் படவில்லை. அந்த ஒரு மாதமும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் இருப்பதுதான் முக்கியம்.

காலம் என்று பார்த்தால், எனாமல் வெயிலில் மெல்ல மெல்ல மினுக்கம் இழந்து கையில் ஒட்டுகிற மாவாக வரும். டூ-கே அளவுக்கு நிற்காது. ஆனால் ஒட்டுசுட்டான் பக்கம் உள்பாதைகளில் இறங்கினால் வீரைக் கொப்பும் பாலைக் கொப்பும் இரண்டு பக்கமும் கீறத்தான் போகின்றன. கராஜில் அடித்த வானென்றால் அந்தக் கீறலைப் பார்த்து நெஞ்சு பதறும், நிறம் கலந்து ஒரு கதவு அடிப்பிக்க ஒரு நாள் போகும். கையால் அடித்த வானுக்குப் பிறஷும் மிச்சப் பெயின்றும் போதும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை. கையில் இருக்கிற பழைய ஹயஸைத்தான் இன்னும் கனகாலம் ஓட்டப் போகிறோம் என்றால், நாங்களே திருத்தக்கூடிய பெயின்ற் இருப்பது நல்லதென்பேன்.

மிச்சத்தைப் பெரிய ரின்னிலேயே விடாதீர்கள், மேலே காற்று நிற்க இடம் இருந்தால் ஆடை கட்டிக் கெட்டுவிடும். சின்ன ஜாம் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, நிறத்தின் நம்பரை மூடியில் எழுதிக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள்.